சோலிங் அக்காவின் குப்பைத்தொட்டி

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று இருபத்தாறு கடிதங்களை ஒரே மதியத்தில் அழித்தவன் நான். அழிக்கலாமா என்று கணினி கேட்டது. அழித்தால் திரும்ப வராது, நிச்சயம்தானா என்று இரண்டாவது தடவையும் கேட்டது. மனிதர்கள்கூட என்னிடம் அத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை. இரண்டு தடவையும் ஆம் என்று அழுத்திவிட்டு, அடுத்தவருக்கு உதவி செய்த திருப்தியோடு சாப்பிடப் போனேன். வினிகரில் வேகவைத்த கோழியும் சோறும். நன்றாகவே சாப்பிட்டேன்.

என் பெயர் பெர்டிங். மணிலாவில் காலாவ் தெருவுக்குப் பின்னால், கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா. எனக்குப் பக்கத்து மேஜைதான் சோலிங் அக்காவுடையது. முழுப் பெயர் சோலேதாத். அந்தப் பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. சமார் தீவிலிருந்து வந்து இருபத்தேழு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "முந்நூறு புருஷனுங்க லெட்டர் படிச்சாச்சு, முந்நூத்தியொண்ணாவது ஒருத்தன் எதுக்கு?" என்பார்.

அவர் சொன்னது வெறும் வேடிக்கை அல்ல. இப்போது கப்பலில் இருப்பவன் நடுக்கடலிலிருந்தே பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறான். அப்போது அப்படி இல்லை. கப்பலுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி, அது கேப்டனிடம் இருக்கும். ஊரில் இருக்கும் பெண்களிடம் அதுவும் கிடையாது. ஆகவே ஆட்கள் எழுதுவதெல்லாம் எங்கள் கம்பெனி முகவரிக்கு வரும். சோலிங் அக்கா அதை அச்செடுத்துத் தபாலில் போடுவார். தபால் தீவுகளைத் தாண்டிப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்பதால், அதற்கு முன் போனில் படித்தும் காட்டுவார். இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் என்றால் ஏதோ ஒரு தீவில், கடைக்காரி வீட்டு போனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தலைவாரிக்கொண்டு வந்து காத்திருப்பாள். போனில் பேசத் தலைவார வேண்டுமா என்ன? அக்கா சொல்வார், வாரிக்கொண்டுதான் வருவார்களாம்.

எல்லாவற்றையும் படித்துவிடவும் மாட்டார். "இதுக்கடுத்த ரெண்டு வரி என் வாயால வராதும்மா. தபால்ல வரும், தனியா போய்ப் படிச்சுக்க" என்று நிறுத்திவிடுவார். மறுமுனையில் சிரிப்பு கேட்குமாம். ஒரு எஞ்சின் அறை ஆசாமி இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் வைத்துக்கொண்டு, இருவருக்கும் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி எழுதினான். ஒன்பது வருஷம் அந்த இரண்டையும் குழப்பாமல் படித்துக் காட்டிய ஆத்திரத்தை அக்கா கடைசிவரை ஆற்றிக்கொள்ளவில்லை.

இனி அந்தக் குப்பைத்தொட்டி விஷயம். எங்கள் பழைய மேலாளர் ஒரு விசித்திரப் பிறவி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு மேஜையாக வந்து திரையைப் பார்ப்பார். இன்பாக்ஸில் ஒரு கடிதம் மிச்சம் இருந்தாலும், "வேலை மிச்சம், நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்பார். மற்றவர்கள் பயந்துபோய், முடிந்ததையெல்லாம் உண்மையிலேயே அழித்தார்கள். அக்காவுக்கு அழிக்க மனசு வரவில்லை. ஒரே ஒரு விசையைத் தட்டினால் கடிதம் இன்பாக்ஸை விட்டுக் குப்பைத்தொட்டி என்கிற டெலீட் ஃபோல்டருக்குப் போய்விடுகிறது, ஆனால் அங்கேயே பத்திரமாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தார். அப்புறம் என்ன? அந்தக் குப்பைத்தொட்டியையே பீரோவாக்கிவிட்டார். அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர், அதுவும் வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் பெயரில். ஐந்து மணிக்கு மேலாளர் வந்து பார்த்தால் இன்பாக்ஸ் துடைத்து வைத்த தட்டு. அவர் ஓய்வுபெற்று, செத்தும் போனார். அக்கா பழக்கத்தை விடவில்லை. கணினி மாறியபோதெல்லாம் அந்த மெயில் கோப்பும் கூடவே மாறி வந்தது. பக்கத்து மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியாது. அவர் திரையை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அக்காவுக்குக் கிமாராஸ் தீவிலிருந்து போன் வந்தது. பேசியவள் ஜெனலின், இருபத்தொரு வயதுப் பெண். அவளுடைய அப்பா வில்ஃப்ரெடோ, நாங்கள் வேலைக்கு அனுப்பி, ஒரு சரக்குக் கப்பலோடு மூழ்கிப் போனவர். மரம் ஏற்றி வந்த அந்தக் கப்பல் கவிழ்ந்தபோது ஜெனலின் தாய் வயிற்றில் ஏழு மாசம். கவிழ்வதற்குப் பத்து நாள் முன்னால், வயிற்றில் இருந்த பிள்ளைக்கென்றே அவர் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். அக்காதான் போனில் படித்தாராம். தபாலில் வந்த தாளை அம்மா தெரேசிதா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். ஒரு புயல் வெள்ளத்தில் வீட்டின் பாதியோடு அந்த டப்பாவும் போயிற்று. பெரியவளானதும் சொல்கிறேன், சொல்கிறேன் என்றே தள்ளிப்போட்டு, போன மாதம் அம்மாவும் இறந்துவிட்டார். மகளுக்குக் கடிதம் ஒன்று இருந்தது தெரியும், அதில் என்ன இருந்தது என்று தெரியாது.

"இருக்கும்மா, கண்டிப்பா இருக்கு. தெரேசிதாதானே? நான் எதையும் அழிக்கிறவ இல்ல. நீ பரீட்சைக்கு மணிலா வர்றப்ப வா, அச்செடுத்துக் கையில குடுக்கறேன்" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபத்தேழு வருஷம் சேர்த்து வைத்ததற்கு ஒரு அர்த்தம் வந்துவிட்டது என்பது அதில் எழுதி ஒட்டியிருந்தது.

உடனே திறந்து பார்த்தார். மெயில் நிரல் அப்படியே உறைந்து நின்றது. கோப்பு இரண்டு ஜிகாபைட்டை நெருங்கிவிட்டால் அந்தப் பழைய நிரலுக்கு மூச்சு முட்டும். இன்னொரு தடவை தொட்டு, உடைந்து போய்விட்டால் என்ன செய்வது என்று அக்கா கையை எடுத்துவிட்டார். அவருக்குக் கண்புரை வேறு. அறுவை சிகிச்சைக்கு அந்த வாரமே நாள் குறித்திருந்தது.

"முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாம் பெர்டிங். கண்ணு சரியான பிறகு நிதானமா தேடுறேன்" என்று சொல்லி, அவரே மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதினார். இதைவிட ஜாக்கிரதையாக ஒரு மனுஷி எப்படி இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். எனக்கு நெஞ்சு எரிவதே இதை நினைத்துத்தான்.

மேலிடத்துக்கு அது வசதியாகப் போயிற்று. எப்படியும் கணினிகளை மாற்ற வேண்டும், எல்லாருடைய பழைய மெயிலையும் ஒரேயடியாக எடுத்து வைத்துவிடலாம் என்று வெளியிலிருந்து டொண்டொன் என்பவனை வரவழைத்தார்கள். கெட்டிக்காரன், வாயாடி, காலர் வைத்த கறுப்புப் பனியன். வந்ததும் சுவரில் அறிவிப்பு ஒட்டினான்: வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் குப்பைத்தொட்டியைக் காலி செய்யவும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அது ஒட்டப்பட்டது வியாழக்கிழமை. அன்று காலையில் அக்கா கண் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். போவதற்கு முன்னால் என்னிடம், "என் மெயில மட்டும் கூட இருந்து பாத்துக்கப்பா" என்று சொல்லியிருந்தார். "நான் இருக்கேன்க்கா, நீங்க கண்ண பாருங்க" என்றேன்.

கூடவேதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் டொண்டொன் மூன்று தடவை முயன்றான். அக்காவின் கோப்பு மட்டும் பாதி வழியில் அறுந்து அறுந்து போயிற்று.

"யாரு சார் இந்த மேம்? இவங்க குப்பைத்தொட்டி மட்டும் ஒன்றரை ஜிபிக்கு மேல! நாப்பதாயிரம் மெயில் குப்பை! இத வெச்சுக்கிட்டு காப்பி எடுத்தா விடிஞ்சிரும்" என்றான்.

"குப்பைய யாராவது சேத்து வெப்பாங்களா? காலி பண்ணிட்டா மத்ததெல்லாம் நல்லா வந்துருமா?"

"சிட்டா வந்துரும். ஆனா நான் பண்ண மாட்டேன். அடுத்தவங்க மெயில்ல கை வெக்கக் கூடாதுன்னு எங்க கம்பெனி ரூல். நீங்க அழுத்துங்க."

அவனுக்கு இருந்த அந்தக் கொஞ்சம் தயக்கம்கூட எனக்கு இல்லை. அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கண்ணில் கட்டோடு இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். தெரேசிதாவின் கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையிலேயே, அதைப் பத்திரப்படுத்துகிறேன் என்றே, அழுத்தினேன். ஆம். மறுபடியும் ஆம். அப்புறம் டொண்டொன் கோப்பை இறுக்கிச் சுருக்கினான். காலியான இடத்தையெல்லாம் அப்படி நசுக்கித் தள்ளினால்தான் கோப்பு சின்னதாகும். ஐந்தே நிமிஷத்தில் பிரதி முடிந்தது. "இவ்வளவுதான் விஷயம்" என்று கை தட்டினான். சனிக்கிழமை பழைய கணினிகளின் வன்தட்டுகளை விதிப்படி துடைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அக்கா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். "எல்லாம் பளிச்சுனு தெரியுதுடா! உன் தலையில இவ்ளோ நரையா? எனக்குத் தெரியவே இல்ல பாரு!" என்று சிரித்தார். புதுக் கணினி முன்னால் உட்கார்ந்து, மெயிலைத் திறந்து, இடது பக்கம் கீழே போனார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பெர்டிங், இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"எதுக்குள்ளக்கா?"

"குப்பைத்தொட்டிக்குள்ள."

குப்பைத்தொட்டியில் என்ன இருக்கும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சில விஷயங்கள் புரியாமலே இருந்திருக்கலாம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டொண்டொனைக் கூப்பிட்டோம். அவன் தொழிலில் நேர்மையானவன், ஓடி வந்தான். கம்பெனி சர்வரில் பார்த்தான். கடிதம் கணினிக்குள் இறங்கியதுமே சர்வரில் அழிந்துவிடும்படி அந்தக் காலத்தில் அமைத்திருந்தார்கள். தான் எடுத்த பிரதியைத் தோண்டினான். அது சுருக்கிய பிறகு எடுத்த பிரதி. துடைத்த வன்தட்டுகளைப் பற்றி நான் கேட்டபோது, வராது என்று தலையை மட்டும் ஆட்டினான். வரும்போது இருந்த வாயாடித்தனம் எங்கே போயிற்றோ.

அப்போதுதான் அக்காவுக்கு அந்த வட்டு ஞாபகம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், எல்லாரும் மெயிலை சிடியில் ஏற்றி வையுங்கள் என்று ஒரு உத்தரவு வந்ததாம். அக்கா தன் கையால் ஏற்றி, வீட்டில் குழந்தை யேசு சிலைக்கு அடியில், அலமாரியில் வைத்திருந்தார். மறுநாள் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். மேலே அவர் கையெழுத்தில்: "எல்லாக் கடிதமும். முக்கியம்." புதுக் கணினிகளில் வட்டு போட இடமே இல்லை. டொண்டொன் கியாப்போ சந்தைக்குப் போய் ஒரு பழைய டிரைவைத் தேடிப் பிடித்து வந்தான். அலுவலகமே எங்கள் மேஜையைச் சுற்றி நின்றது. வட்டு கரகரவென்று சுற்றிற்று. நான் வேண்டாத புனிதர் இல்லை.

திறந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு. சின்ன மஞ்சள் உறைப் படம். ஒரு கிலோபைட்.

"மேம்," என்றான் டொண்டொன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "திரையில இருந்த ஐகான மட்டும் இழுத்துப் போட்டிருக்கீங்க. அது வாசல்ல மாட்டுற பேர்ப்பலகை மாதிரி. வீடு உள்ள வரல."

அக்கா அந்த மஞ்சள் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினெட்டு வருஷமா இதுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்தினேனா?" என்று சிரிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது அக்கா என்று சொல்லப் போனேன், அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நிறுத்திக்கொண்டேன். அவரே என் கையைத் தட்டினார். "நீ குப்பைன்னு நெனச்சு அழிச்ச. நான் லெட்டர்னு நெனச்சு படத்த வெச்சிருந்தேன். விடு."

விட்டுவிடுகிற விஷயமா அது? வராதே என்று அந்தப் பெண்ணுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்றேன். அவள் அதற்குள் மணிலாவுக்குக் கப்பல் ஏறியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஜெனலின் வந்தாள். ஒல்லியான பெண். தோளில் பை, கையில் ஓலைப் பின்னல் கூடை நிறையக் கிமாராஸ் மாம்பழம். ஊரிலிருந்து வரும்போது யாரும் வெறுங்கையோடு வருவதில்லை, அதிலும் கடிதம் வாங்க வருகிறவள். அலுவலகம் முழுக்க மாம்பழ வாசனை. பையிலிருந்து கோடு போட்ட புது நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அச்சுல குடுத்தாலும் என் கையால ஒரு தடவ எழுதி வெச்சுக்கலாம்னு, மேம்" என்றாள்.

அக்கா நேராகச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "கடிதம் இல்லம்மா. அழிஞ்சு போச்சு. நான் வெக்கக் கூடாத எடத்துல வெச்சிருந்தேன். தப்பு என்னுது."

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். இல்லை, அழித்தவன் நான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் கையில் ஏதோ ஒரு காகிதம் இருந்தது. அதை மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜெனலின் அழவில்லை. சிறிது நேரம் நோட்டின் அட்டையைத் தடவினாள். "நீங்க வாயால படிச்சீங்களே மேம். கொஞ்சமாச்சும் ஞாபகம் இருக்குமா? ஒரு வரி போதும்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முந்நூறு பேரோட லெட்டர் தலைக்குள்ள இருக்கும்மா. நான் சுகம், கவலப்படாத. இங்க குளிரு, மீனு நல்லால்ல. பொறக்கப்போறது என் மூக்கு மாதிரி இல்லாம இருக்கணும். இப்படி நெறைய. எது யாரு எழுதினதுன்னு பிரிக்க முடியல. நாலு நாளா படுத்து யோசிச்சுப் பாத்துட்டேன்."

"அதுல ஏதாவது ஒண்ண சொல்லுங்களேன். அப்பா எழுதினதுன்னு நெனச்சுக்கறேன்."

"சொல்லலாம். கேக்க நல்லாவும் இருக்கும். ஆனா அது இன்னொரு பொண்ணோட அப்பா எழுதினதா இருக்கும்."

கீழே தெருவில் வேலை தேடும் மாலுமிகளின் இரைச்சல் கேட்டது.

"ஒண்ணு நிச்சயமா தெரியும்" என்றார் அக்கா, மெதுவாக. "படிச்சு முடிச்சதும் உங்கம்மா, இன்னொரு தடவ படிங்க மேம்னாங்க. படிச்சேன். மறுபடியும் கேட்டாங்க. மூணு தடவ படிச்சேன். மூணாவது தடவ படிக்கறப்ப கடைக்காரி வீட்டுச் சேவல் ஒண்ணு கூவு கூவுனு கூவுச்சு. உங்கம்மா போன மூடிக்கிட்டு, சும்மா கிட, என் வீட்டுக்காரரு பேசறாருன்னு அத அதட்டினாங்க. அது இப்பவும் காதுல கேக்குது. மூணு தடவ வாயால படிச்சிருக்கேன் கண்ணு. சேவல் நெனப்பிருக்கு, லெட்டர் நெனப்பில்ல."

சொல்லிவிட்டு அக்கா இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார், இவ்வளவுதான் என்னிடம் என்பதுபோல.

ஜெனலின் நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில், முதல் கோட்டில், நிதானமாக அந்த ஒரு வாக்கியத்தை எழுதினாள். சும்மா கிட, என் வீட்டுக்காரர் பேசுகிறார். எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு மூடி, பைக்குள் வைத்தாள். மீதிப் பக்கமெல்லாம் வெள்ளைத் தாள்.

கிளம்பும்போது அக்காவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் பெர்டிங் சாரா? அப்பா லெட்டர நீங்கதான் கூட இருந்து பாத்துக்கறீங்கன்னு, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மேம் போன்ல சொன்னாங்க. தேங்க்ஸ் சார்."

கூடையிலிருந்து இருப்பதில் பெரிய மாம்பழமாக இரண்டு பொறுக்கி என் கையில் வைத்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குப் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. வாங்கிக்கொண்டேன்.